தூக்கத்துக்கு மூலிகை தேடுகிறவர்களுக்கு, டர்பனிலிருந்து

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த இரண்டாம் வருஷம் அது. ஒரு மாதமாகத் தூக்கம் வராமல் அல்லாடிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் கும்பகோணத்தில் பரீட்சைக்கு முந்தின இரவு அம்மா ஜாதிக்காய்ப் பால் தருவாள். குடித்துப் படுத்ததுதான் தெரியும், விடிந்துவிடும். அந்த நினைப்பில் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் ஜாதிக்காய்ப் பொடி ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஸ்பூன் குவித்துப் பாலில் கலக்கிக் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பத்தரைக்கு இன்னொரு ஸ்பூன். இரண்டு மணிக்கு விழித்தபோது நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கிடந்தது. நெஞ்சு திம் திம் என்று அடித்தது. எழுந்து உட்கார்ந்தால் எதிர்ச் சுவர் மெல்ல என் பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது. மறுநாள் சாயங்காலம் வரை வாய் உலர்ந்து, தலை கனத்து, பாதித் தூக்கத்திலேயே கிடந்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அலறிவிட்டாள். "ஒரு ஸ்பூனா? அடிப்பாவி, நான் சந்தனக் கல்லுல ரெண்டே இழைப்பு இழைச்சு விரலால வழிச்சுப் போடுவேன்டி!"

அந்த இரண்டு இழைப்பு ஒரு சிட்டிகைக்குக்கூட வராது. முழு ஜாதிக்காய் ஒன்று 5 முதல் 7 கிராம் இருக்கும். 5 கிராம் அளவுக்குப் பொடி உள்ளே போனாலே நஞ்சாக வேலை செய்யத் தொடங்கிவிடும். அதிலுள்ள மிரிஸ்டிசின் என்ற பொருள்தான் முக்கியக் காரணம். அதோடு ஒரு சூதும் உண்டு. ஜாதிக்காயின் வேகம் தெரிய 3 மணியிலிருந்து 6 மணி நேரம்வரை ஆகும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று நான் இரண்டாவது ஸ்பூன் போட்டேனே, பலரும் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

ஊரிலிருந்து மூலிகையின் பெயரை நாம் கொண்டுவந்துவிடுகிறோம். அளவு அம்மாவின் விரலிலேயே தங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த அளவைப் பற்றியது. நான் வைத்தியர் இல்லை; இங்கே ஒரு மருந்துக் கடையில் பதினோரு வருஷமாகக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறேன். ஒரு கையில் சர்க்கரை மாத்திரைச் சீட்டும் மறு கையில் அஸ்வகந்தா டப்பாவும் வைத்துக்கொண்டு "இதைச் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். முதல் தடவையாக மூலிகை எடுக்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாரம் நோட்டுப் புத்தகம்

மூலிகை வாங்கும் முன் ஏழு நாள் எழுதுங்கள். படுத்த மணி, உத்தேசமாகத் தூங்கிய மணி, இடையில் விழித்தது எத்தனை தடவை, கடைசி டீ எப்போது, இரவில் எடுத்த மாத்திரைகள். அவ்வளவு போதும்.

என் நோட்டில் நான்காம் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. விழிப்பு எல்லாம் ஒன்றரை மணி வாக்கில். இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை ஐந்து மணிக்கு எழும் பெரியப்பா குடும்பக் குழுவில் "இனிய காலை வணக்கம்" என்று ரோஜாப்பூப் படம் போட்டால், இங்கே தலையணைக்குப் பக்கத்தில் போன் அதிர்வது ஒன்றரைக்கு. அதற்கு எந்த மூலிகையும் மருந்தில்லை. போனை ஹாலில் சார்ஜுக்குப் போட்டேன்.

இன்னொன்று, டர்பனின் விடியல். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். நாலரைக்கே அறை வெளுத்திருக்கும். நம் ஊர் மார்கழிக் குளிரும் இருட்டும் இங்கே கிடையாது, மார்கழியில் உடம்பு பிசுபிசுக்கும். நான்கு மணிக்கு விழிப்பு வருகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது கெட்டித் துணித் திரை. டீயும் அப்படித்தான். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். வேலை முடிந்து ஏழு மணிக்குக் குடிக்கும் ஸ்ட்ராங் டீ நள்ளிரவிலும் பாதி உயிரோடு இருக்கிறது.

நோட்டில் வேறு சிலதும் தெரியவரலாம். குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி எழுகிறார் என்று வீட்டில் இருப்பவர் சொன்னால் அது மூச்சுத்தடைத் தூக்கமாக இருக்கக்கூடும். அப்படிப்பட்டவர் தூக்கம் வரவழைக்கும் எதையும், மூலிகையானாலும், தானாக எடுக்கக் கூடாது, மூச்சுத்தடை கூடிவிடலாம். வாரத்தில் மூன்று இரவாவது தூங்காமல் மூன்று மாதம் ஓடிவிட்டது என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு மருத்துவ உலகம் முதலில் சொல்வது மாத்திரையுமில்லை, மூலிகையுமில்லை. படுக்கைப் பழக்கத்தையும் தூக்கம் பற்றிய பயத்தையும் படிப்படியாக மாற்றும் உளவியல் பயிற்சி. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஊரை விட்டு வந்த புதிதில் தூக்கம் மட்டும் கெடுவதில்லை. அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது என்றால் அஸ்வகந்தாவைத் தேடாதீர்கள். 0800 567 567 என்ற இலவச மனநல உதவி எண்ணை இரவிலும் கூப்பிடலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

யார் தொடவே கூடாது

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள். இவர்களுக்கு நான் கீழே சொல்லும் வேர், கிழங்கு, சாறு எதுவும் வேண்டாம். "எங்க பாட்டி கொடுத்தாங்களே" என்று வாதம் வரும். பாட்டி கொடுத்தது கல்லில் உரசிய உரசல். காப்ஸ்யூலில் இருப்பது காய்ச்சி வடித்த சாறு.

அடுத்து, ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு தரும் மாத்திரை என்று எது எடுத்தாலும் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ டப்பாவைக் காட்டாமல் தொடங்க வேண்டாம். இந்த நாட்டில் காசநோய் மருந்தும் எச்.ஐ.வி. மருந்தும் எடுப்பவர்கள் நிறைய. காசநோய் மாத்திரை கல்லீரலுக்கு ஏற்கெனவே பாரம். அதன் மேல் கல்லீரலைத் தொடும் மூலிகையை ஏற்றக் கூடாது. கிளினிக்கில் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைக்கிறவர்கள் உண்டு. திட்டினால் திட்டட்டும்.

அலர்ஜி மாத்திரையும் இருமல் சிரப்பும் பலருக்கு மருந்துக் கணக்கிலேயே வருவதில்லை. அவற்றில் பலவும் மயக்கம் தருபவை. மதுவும் அப்படியே. இங்கே 2018 இல் அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெரியவர்கள் தனியிடத்தில் கஞ்சா பயன்படுத்துவது குற்றமில்லை என்றாகிவிட்டதால் அதைப் பற்றியும் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: மயக்கம் தரும் இரண்டை ஒரே இரவில் சேர்க்காதீர்கள்.

அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, மயக்க மருந்து கொடுப்பவரிடம் எடுத்ததைச் சொல்லுங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் இரவில் பாத்ரூமுக்கு எழும்போது தள்ளாடி விழுவதுதான் நான் அதிகம் பயப்படுவது. அவர்கள் எடுத்தே ஆக வேண்டுமென்றால் பாதி அளவிலிருந்து தொடங்கட்டும், வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

அடுக்களையில் இருப்பது

பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். வெதுவெதுப்பான பால், உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்து ஐந்து நிமிஷம் பிடித்துவிடுவது, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெந்நீர்க் குளியல். குளித்தபின் உடம்புச் சூடு இறங்கும்போது தூக்கம் தானே வரும். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடக்காதீர்கள், பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

இந்த நாடு நமக்குத் தந்த நல்ல பானம் ரூயிபோஸ், இங்கே வளரும் ஒரு செடியின் இலையில் டீ மாதிரி போடுவது. அதில் காஃபீன் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு ஆயா அதில் ஏலக்காய் தட்டிப் போட்டு, இஞ்சி சேர்த்து, பால் ஊற்றித் தருவார். "டீ மாதிரி இருக்கணும், டீயா இருக்கக் கூடாது" என்பார். சாயங்கால டீயை அதுவாக மாற்றியே சிலர் என்னிடம் மூலிகை கேட்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். கடைக்கு இது நஷ்டம்தான்.

ஜாதிக்காய் வேண்டுமானால் முழுக் காயாக வாங்குங்கள். ஈரக் கல்லில் இரண்டு இழைப்பு; கல் இல்லையென்றால் சின்னத் துருவியில் இரண்டு முறை. கத்தி முனையில் நிற்கும் அளவுக்கு மேல் வேண்டாம். பொடிப் பாக்கெட் வேண்டாம் என்பது என் பிடிவாதம். பொடி கையில் இருந்தால் ஸ்பூன் தானாக வந்துவிடும்.

கசகசாவைப் பாலில் அரைத்துக் குடிப்பதும் நம் பழக்கம். குருமாவுக்குப் போடும் அளவு சரி. தூக்கத்துக்கென்று கைப்பிடி கைப்பிடியாக ஊறவைத்துக் குடிப்பது தவறு. விதையின் மேல் ஓபியப் பால் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது மூட்டைக்கு மூட்டை மாறும். வேலையிடத்தில் சிறுநீர்ச் சோதனை இருக்கிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

அமுக்கரா, கொஞ்சம் விரிவாக

கடைகளில் அஸ்வகந்தா என்று விற்பது நம் அமுக்கராக் கிழங்குதான். தூக்கத்துக்கென்று சொல்லப்படும் நம் ஊர் மூலிகைகளில் ஓரளவு ஆராய்ச்சி நடந்திருப்பவற்றில் இது ஒன்று. சின்னச் சின்ன ஆராய்ச்சிகள், பெரும்பாலும் இந்தியாவில் நடந்தவை. தூக்கம் கொஞ்சம் கூடுகிறது. நாளுக்கு 600 மில்லிகிராம் சாறு, எட்டு வாரம் என்று எடுத்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அதாவது இன்றிரவு போட்டு இன்றிரவே கண் சொக்கும் சரக்கு இது இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுப்பதன் பாதுகாப்பு சரியாக ஆராயப்படவில்லை, அதனால் நான் அதற்கு மேல் போகச் சொல்வதில்லை.

இங்கேதான் பொடியும் சாறும் குழப்பும். இந்திய ஆயுர்வேத மருந்துநூல் வேர்ப்பொடிக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 3 முதல் 6 கிராம். காப்ஸ்யூலில் இருப்பது அநேகமாகச் சாறு, அதன் அளவு மில்லிகிராமில் வரும். "மூணு கிராம் சாப்பிடலாம்னு படிச்சேன்" என்று சொல்லி ஒருவர் 500 மில்லிகிராம் சாறு காப்ஸ்யூலை ஆறு விழுங்கிவிட்டு வந்து நின்றார். வயிற்றுப்போக்கோடு போயிற்று. டப்பாவில் சாறு என்று போட்டிருந்தால் பொடிக் கணக்கை மறந்துவிடுங்கள். டப்பாவில் சொன்னதில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

ஊரிலிருந்து அமுக்கராச் சூரணம் வரவழைப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். சித்த முறைப்படி கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முன்னதைப் போல இரு மடங்கு. கூட்டிப் பாருங்கள்: மருந்துச் சரக்கு எல்லாம் சேர்த்து 127, சர்க்கரை மட்டும் 128. டப்பாவில் பாதிக்கு மேல் சர்க்கரை! எங்கள் தெருவில் சர்க்கரை நோயில்லாத வீடே குறைவு. ஒரு அண்ணன் மூன்று வேளை அதைச் சாப்பிட்டுக்கொண்டு, "சோறே குறைச்சுட்டேன் தங்கச்சி, ஏன் ஏறுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பக்க விளைவு பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு, பேதி, பகல் மயக்கம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள். தைராய்டுச் சுரப்பை ஏற்றிவிடலாம். தைராய்டுக் கோளாறு, தன் உடம்பையே தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய்கள், கல்லீரல் நோய், புராஸ்டேட் புற்று உள்ளவர்களுக்கு இது ஆகாது. டென்மார்க் 2023 இல் தடையே போட்டுவிட்டது. அது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம், ஆனால் விளையாட்டுப் பண்டமில்லை என்பதற்கு அத்தாட்சி.

டப்பாவில் "வேர்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நம் மரபில் உள்ளுக்கு எடுப்பது வேர். இலையிலிருந்தும் சாறு எடுத்துக் கலக்கிறார்கள். உள்ளுக்குத் தரும் தயாரிப்புகளில் இலையைச் சேர்க்க வேண்டாமென்று இந்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 இல் அறிவுறுத்தியது. சித்த வைத்தியர்கள் அமுக்கராவைப் பாலில் பிட்டவித்துச் சுத்தி செய்வார்கள். பாதிப் பானையில் பால், வாயில் துணி கட்டி, மேலே பொடி, ஆவியில் புட்டு மாதிரி அவியும். வீட்டில் செய்து பார்க்க வேண்டியதில்லை. வெறும் பொடி வயிற்றைக் கெடுக்கிறது என்றால் அப்படிச் சுத்தி செய்த சரக்கைக் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு ஆச்சரியம், இந்தச் செடி தென்னாப்பிரிக்க மண்ணிலும் காடாக வளர்கிறது. ஜூலு மொழியில் உபுவிம்பா. டர்பனின் வார்விக் பாலத்துக்கு மேலே உள்ள, மூத்தி என்னும் ஜூலு மருந்துச் சந்தை முழுக்க அந்த மக்களின் வேர்களும் பட்டைகளும்தான். அவர்களுக்கும் தனி அளவும் தனி முறையும் உண்டு. அங்கே வாங்கி நம் முறையில் சாப்பிடுவது இரண்டு வைத்தியத்தையும் கெடுப்பது. வேலியோரம் பார்த்ததைத் தோண்டி எடுப்பது அதைவிட மோசம். கத்தரிக் குடும்பத்தில் நஞ்சுச் செடிகள் ஏராளம்.

பெயர்க் குழப்பம்

மற்ற மூலிகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரமி என்று கேட்டால் ஒரு கடையில் நீர்ப்பிரமி வரும், இன்னொரு கடையில் வல்லாரை வரும். வட இந்தியாவில் இரண்டுக்கும் அந்தப் பெயர் ஓடுகிறது. நீர்ப்பிரமி குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும் தரும், வல்லாரைச் சாற்றால் அரிதாகக் கல்லீரல் கெட்டிருக்கிறது. வல்லாரைத் துவையல் அரைத்துச் சாப்பிடுவதற்கு இந்தப் பயம் வேண்டாம். இரண்டையும் நேரடித் தூக்க மருந்தாக நான் சொல்ல மாட்டேன்.

தகரம் வேறு, தகரை வேறு. தகரம் இமயமலைப் பக்கத்து வேர், மேலைநாட்டு வலேரியனுக்கு உறவு. தகரை நம் ஊர்ச் சாலையோரச் செடி. வலேரியனையே நாள்பட்ட தூக்கமின்மைக்கு வேண்டாமென்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2017 இல் சொல்லிவிட்டது. சடாமாஞ்சில் அழிவின் விளிம்பில் உள்ள செடி, உலக வணிகமே கட்டுப்பாட்டில் இருக்கிறது. மலிவாகக் கிடைத்தால் கலப்படம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

சர்ப்பகந்தா பெயரைக் கேட்டால் டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள். அதிலுள்ள ரிசர்பின் ரத்த அழுத்தத்தை இறக்கும், மனச்சோர்வைக் கிளப்பும். தேர்ந்த வைத்தியர் கையில் மட்டும் இருக்க வேண்டியது.

"இது இந்த ஊர் அஸ்வகந்தா" என்று ஸ்கெலிடியத்தை நீட்டுவார்கள். கன்னா என்றும் பெயர். பதற்றத்துக்கு இங்குள்ள பழங்குடி மக்கள் மென்ற செடி. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடக் கூடாது, இரண்டும் சேர்ந்து மூளையில் செரோடோனினை ஆபத்தான அளவுக்கு ஏற்றலாம்.

கடையில்

விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலாக் குவியலுக்கு "மாமியாரை ஒழிப்பது" என்று பெயர் எழுதி வைத்திருப்பார்கள். காரத்துக்கு அந்த வேடிக்கை போதும். உடம்புக்குள் மாதக்கணக்கில் போகும் பொருளை அப்படிக் குவியலிலிருந்து அள்ளி வாங்காதீர்கள். தாவரப் பெயர், எந்தப் பாகம், பொடியா சாறா, தொகுதி எண், காலாவதித் தேதி, தயாரித்தவர் முகவரி, இவை அச்சிட்ட டப்பாவாக இருக்க வேண்டும்.

இங்கே மருந்துகளைக் கட்டுப்படுத்துவது சாப்ரா என்னும் ஆணையம். பல ஆயுர்வேத டப்பாக்களில், பதிவு செய்யாத இந்த மருந்தின் தரத்தையும் பாதுகாப்பையும் ஆணையம் மதிப்பிடவில்லை என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இருப்பதால் பொருள் கெட்டது என்று அர்த்தமில்லை. யாரும் சோதித்துப் பார்த்துச் சான்று தரவில்லை என்று அர்த்தம். அந்த வரியும் இல்லாமல், பதிவெண்ணும் இல்லாமல் இருந்தால் வாங்காதீர்கள்.

பற்பம், செந்தூரம், ரசம் என்று பெயரில் வந்தால் அதில் உலோகம் இருக்கிறது. தூக்கத்துக்காக அவற்றைத் தானாக எடுக்கவே கூடாது. அமெரிக்காவில் 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உலோகம் சேர்க்காத வெறும் மூலிகை மருந்துகளிலும் சில மாட்டின. தொகுதி வாரியாக உலோகச் சோதனை செய்த சான்று காட்டும் தயாரிப்பாளரைத் தேடச் சொல்வது இதனால்தான்.

வைத்தியரைப் பார்ப்பதென்றால், ஆயுர்வேதம் இங்கே 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள துணைமருத்துவத் தொழில் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டிய தொழில். பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சித்தத்துக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் கிடையாது; "சித்த வைத்தியர்" என்று அட்டை நீட்டுபவர் எங்கே படித்தார், இங்கே எந்தப் பிரிவில் பதிந்திருக்கிறார் என்று கேளுங்கள்.

தொடங்கும் இரவு

மறுநாள் வேலையில்லாத இரவாகப் பாருங்கள், வெள்ளிக்கிழமை தோது. ஒரே மூலிகை. டப்பா அளவில் பாதி. சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்க ஒரு மணி நேரம் முன்பு. அன்றிரவு இன்னொரு தடவை கிடையாது, என்ன ஆனாலும். மறுநாள் காலை தலை தெளிவாக இருக்கிறதா என்று தெரியும்வரை கார் ஓட்டாதீர்கள். என்-2 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சோதித்துப் பார்க்கிற விஷயமில்லை இது. ஷிப்டு வேலைக்காரர்கள் இயந்திரத்துக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டை மூடாதீர்கள். ஒரு வாரம் பாதி அளவு, தொந்தரவில்லை என்றால் டப்பா அளவு. அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். அமுக்கராவுக்கு எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். நோட்டில் எண்கள் மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், இன்னொன்றை அதன் மேல் ஏற்றாதீர்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அமுக்கரா சரியில்லை என்று பிரமி, பிரமியோடு தகரம், கடைசியில் நான்கு டப்பா. அப்போது அரிப்பு வந்தால் எதனால் என்று யாருக்குத் தெரியும்?

கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி, காரணமில்லாமல் குமட்டல்: அன்றே நிறுத்தி, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "ஏதோ மூலிகை" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அதிகம் எடுத்துவிட்டாலோ குழந்தை எடுத்து விழுங்கிவிட்டாலோ நச்சுத் தகவல் உதவி எண் 0861 555 777, இரவு பகல் எந்நேரமும். மூச்சு திணறினால், எழுப்பியும் எழவில்லை என்றால், ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அந்த ஜாதிக்காய் இரவில் என் வீட்டுக்காரர் இந்த எண்களைத் தேடிக்கொண்டிருந்தபோது மின்வெட்டு, வைஃபை இல்லை. இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் பேப்பரில் எழுதி ஒட்டியிருக்கிறது.

ஊரிலிருந்து கொண்டுவரும்போது

வேர், விதை, செடி எதுவானாலும் இங்கே இறங்கும்போது அறிவிக்க வேண்டும். அச்சிட்ட முத்திரை டப்பாவாக இருந்தால் பேச்சு சுலபம். நாளிதழில் மடித்த பொட்டலத்துக்கு அதிகாரி கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. டர்பனின் ஈரக்காற்றில் பொடி பத்தே நாளில் கட்டி பிடித்துப் பூசணம் பூக்கும், ஆகவே சின்ன டப்பாவாக வாங்கிக் கண்ணாடி ஜாடியில் இறுக மூடி வையுங்கள். வாசனை மாறினால் குப்பைக்கு.

கசகசாவை மட்டும் மறந்தும் பெட்டியில் வைக்காதீர்கள். நம்மில் பலர் துபாய் வழியாகத்தான் வருகிறோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். ஒரு சிறு பொட்டலத்துக்காகப் பிடிபட்டவர்கள் உண்டு. போன ஆடி மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, மசாலாச் சாமான்களுக்கு நடுவே அம்மா ஒரு முடிச்சு திணித்திருந்தாள். சென்னை விமான நிலைய வாசலில் பெட்டியைத் திறந்து அதை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தேன். அவனுக்கு அன்றிரவு குருமா.